இடம் தெரியாத நினைவு

பனமலை ஏரிக்கரையில் நின்று நிமிர்ந்து பார்த்தால், குன்றின்மேல் இராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் தெரியும். மேலே ஏறித் திரும்பினால் ஏரி கீழே கிடக்கும். இரண்டும் ஒரே ஊரின் தோற்றங்கள் என்பதில் உங்களுக்கு ஐயமே வராது.

அடுத்துச் செஞ்சிக்குப் போவோம். திண்டிவனத்திலிருந்து பேருந்தில் கோட்டையைக் கடக்கும்போது கிருஷ்ணகிரி வலப்புறம், இராஜகிரி இடப்புறம். திருவண்ணாமலையிலிருந்து வந்தாலோ இடம் வலமாகிவிடும். மலைகள் நகரவில்லை. நம் குறிப்பாயம்தான் மாறியது.

மூளையும் இப்படி இரண்டு குறிப்பாயங்களைக் கையாள்கிறது. ஒன்று, ‘என்’ கண்ணுக்குத் தெரியும் காட்சி. மற்றொன்று, நான் எங்கு நின்றாலும் மாறாத ஊரின் வரைபடம்.

வரைபடம் எங்கே இருக்கிறது?

கடற்குதிரை வடிவிலுள்ள ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதிக்கு இதில் பெரும்பங்கு உண்டு. எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிப்புடன் இயங்கும் நரம்புச் செல்களை அங்கே ஜான் ஓகீஃப் கண்டறிந்து 1971இல் வெளியிட்டார். 2014இல் அவரும் மோசர் தம்பதியரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ‘எங்கே நடந்தது, எப்போது நடந்தது’ என்று நிகழ்ச்சிகளைக் கோத்து வைப்பதும் இப்பகுதியின் வேலையே.

சரி, இந்த வரைபடத்துக்கும் அச்சத்துக்கும் என்ன தொடர்பு?

2009இல் ஒருநாள் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு லாரி ஜல்லியைக் கொட்டியது. பெரும் இரைச்சல்! கடலோர ஊரைச் சேர்ந்த மாணவன் ஒருவன் எழுந்து வெளியே ஓடினான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் சிக்கிப் பிழைத்தவன் அவன் என்பது பிறகுதான் தெரிந்தது. “அந்த நேரம் நான் வகுப்பில் இல்லை சார், கடற்கரையில் இருந்தேன்” என்றான்.

அழையாமல் வரும் நினைவு

நாம் அழைக்காமலே வந்து, இப்போதே நடப்பதுபோல் வாட்டும் நினைவு இது. ஆராய்ச்சியாளர் சிலர் தரும் விளக்கத்தைக் கேளுங்கள். பேரச்சத்தின்போது, வாதுமைக் கொட்டை வடிவிலுள்ள அமிக்டலா மிகுதியாக இயங்கி ஓசையையும் காட்சியையும் அழுத்தமாகப் பதிக்கிறது. ஹிப்போகாம்பஸின் வேலையோ தடைப்படுகிறது. எனவே இடமும் காலமும் ஒட்டாத பதிவு ஒன்று தங்கிவிடுகிறது. அதே போன்ற ஓசை எங்கே கேட்டாலும் அது கிளம்பிவிடுகிறது.

இதற்குச் சான்று உண்டா? பெங்களூரில் சுமந்திர சட்டர்ஜி குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், நீடித்த நெருக்கடிக்கு ஆளான எலிகளின் ஹிப்போகாம்பஸ் செல்களின் கிளைகள் சுருங்கின. அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்தன. மனிதர்களிடமும் சோதித்தார்கள். ஒரு மலைக்காட்சியைக் காட்டி, அதையே வேறு பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படியிருக்கும் என்று கண்டுபிடிக்கச் சொல்வது ஒரு தேர்வு. நம் செஞ்சிக் கணக்குத்தான்! இத்தகைய திறனைச் சோதித்து 2015இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், அதிர்ச்சிக்குப் பின் மனநோய்க்கு ஆளானவர்கள், அதிர்ச்சியுற்றும் நோயுறாதவர்களைவிடப் பின்தங்கினர். குறை முன்பே இருந்ததா, அதிர்ச்சியால் வந்ததா என்பது தனிக்கேள்வி.

தீர்வு என்ன?

நினைவை அழிப்பதல்ல; அதற்கு முகவரி கொடுப்பது. பயிற்சி பெற்ற மருத்துவரின் துணையோடு, நடந்ததை இடமும் நேரமும் சேர்த்து வரிசையாகச் சொல்லப் பழக்குகிறார்கள். இயன்றபோது அதே இடத்துக்கே அழைத்துச் சென்று, அன்று இருந்தது எது, இன்று இருப்பது எது என்று பார்க்கச் செய்கிறார்கள். ‘அது அங்கே, அன்று, நான் இங்கே, இன்று’ என்று மூளை மெல்லக் கற்கிறது.

உங்கள் வகுப்பிலும் ஓர் ஓசைக்கு ஒருவர் நடுங்கலாம். நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள். நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தவும் வேண்டாம். அருகில் போய், “இது நம் வகுப்பு, நான் பக்கத்தில் இருக்கிறேன்” என்று சொல்லுங்கள். நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமும் தெரிவியுங்கள்.