செல்போன்ல பிஎம்ஐ பார்த்து டயட் இருக்கும் டீன் ஏஜ் பிள்ளைகள்... அந்தக் கணக்கு அவங்களுக்குப் பொருந்துமா?

"என்ன, ரெண்டு சுத்து பெருத்துட்ட?", "காத்தடிச்சா பறந்துடுவ போலிருக்கே!" விசேஷ வீட்டில் இப்படிச் சொல்லும் சொந்தக்காரர்கள் அடுத்த நிமிஷமே அதை மறந்துடுவாங்க. கேட்ட பிள்ளை மறக்காது. செல்போனில் பிஎம்ஐ கால்குலேட்டரைத் தேடும். வரும் எண்ணைப் பார்த்து, மறுநாளே சாப்பாட்டைக் குறைக்கும். ஆனால், அந்தக் கால்குலேட்டர்கள் பலவும் பெரியவர்களுக்கானவை.

பிஎம்ஐ கணக்கில் என்ன சிக்கல்?

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைப்பதுதான் பிஎம்ஐ. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி, பெரியவர்களுக்கு 18.5 முதல் 24.9 வரை இயல்பு. வளரும் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு, வயதையும் பாலினத்தையும் வைத்து ஒப்பிடும் தனி அட்டவணையை அந்நிறுவனம் 2007-ல் வெளியிட்டது.

உதாரணமாக, 13 வயதுப் பெண், உயரம் 150 செ.மீ., எடை 40 கிலோ. பிஎம்ஐ 17.8. பெரியவர்கள் கணக்கில் 'எடை குறைவு'. வயதுக்கான அட்டவணையில் இது இயல்பு.

அதே 13 வயதில் ஒரு பையன், 155 செ.மீ., 55 கிலோ. பிஎம்ஐ 22.9. பெரியவர்கள் கணக்கில் 'இயல்பு'. வயதுக்கான அட்டவணையில் 'அதிக எடை'. ஆக, தப்பான கணக்கு தேவையில்லாத பயத்தையும் தரும், தேவையான கவனத்தையும் தடுக்கும்.

இந்த வயசுல எடை ஏன் கூடுது?

பருவமடையும்போது உயரம், எலும்பு, தசை எல்லாமே வளரும். பெண் பிள்ளைகளுக்கு இடுப்பு, தொடையில் கொழுப்பு சேர்வதும் இயல்பான மாற்றம்தான். எல்லோருக்கும் ஒரே வயதில் இது நடக்காது. அதனால் பக்கத்து பெஞ்ச் தோழியோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

பட்டினி டயட் ஏன் ஆபத்து?

வளரும் வயதில் சாப்பாட்டைக் குறைத்தால் எலும்பு வலு பாதிக்கும், மாதவிடாய் தவறலாம், படிப்பில் கவனம் சிதறும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே ரத்தசோகை இருக்கு. இதில் காலைச் சாப்பாட்டையும் தவிர்த்தால் நிலைமை மோசமாகும்.

செல்போனுக்கும் பங்கு உண்டு

இன்ஸ்டாகிராமை நடத்தும் நிறுவனத்தின் உள் ஆய்வு ஒன்றை 2021-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் வெளியிட்டது. தங்கள் உடலை நினைத்து வருந்திய டீன் ஏஜ் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தை மேலும் கூட்டியதாகச் சொல்லியிருந்தார்கள். ஃபில்டர் போட்ட முகத்தோடும் உடம்போடும் ஒப்பிட்டால் யாருக்குமே குறைதான் தெரியும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* 'குண்டு', 'ஒல்லிப்பிச்சான்' போன்ற பட்டப்பெயர்களை வீட்டில் நிறுத்துங்க. சொந்தக்காரங்க சொன்னாலும் பிள்ளை முன்னாடியே தடுங்க.
* அவங்களுக்கு மட்டும் தனி டயட் வேண்டாம். பருப்பு, கீரை, முட்டை, சுண்டல், பழம் என வீடே சேர்ந்து சாப்பிடலாம். கூல்டிரிங்க்ஸ், பாக்கெட் சிப்ஸ் வாங்குவதையும் வீடே குறைக்கலாம்.
* தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓடி ஆடி விளையாடணும். டியூஷனுக்காக விளையாட்டை வெட்டாதீங்க.
* 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் அவசியம்.

எப்போது மருத்துவரைப் பார்க்கணும்?

சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுப்பது, குடும்பத்தோடு சாப்பிட மறுப்பது, அடிக்கடி மயக்கம், தொடர்ந்து 3 மாதம் மாதவிடாய் வராதது, எடை வேகமாகக் குறைவது அல்லது கூடுவது... இதில் ஒன்று இருந்தாலும் குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைச்சுட்டுப் போங்க. தைராய்டு போன்ற காரணங்களும் இருக்கலாம் என்பதால், பிள்ளையைத் திட்டுவதில் பலனில்லை.

உடலை நினைத்து மனம் உடைந்திருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.