பிரிண்ட் வரலையா? வரிசையைப் பாருங்க!

காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வருமானச் சான்று, சாதிச் சான்று வாங்க பஸ் ஏறி இ-சேவை மையத்துக்கு வருபவருக்கு, "பிரிண்டர் வேலை செய்யலை, நாளைக்கு வாங்க" என்றால் ஒரு நாள் கூலி போச்சு. பெரும்பாலும் இது சில நிமிடங்களில் சரியாகும் கோளாறுதான்.

பாஸ் லினக்ஸ் உள்ளிட்ட யூனிக்ஸ் வகைக் கணினிகளில் அச்சு வேலையைக் கவனிப்பது 'கப்ஸ்' மென்பொருள். நாம் அனுப்பும் பக்கம் முதலில் அதன் வரிசையில் நிற்கும். பிறகுதான் நெட்வொர்க் வழியாகப் பிரிண்டருக்குப் போகும். கரண்ட் போனாலோ கேபிள் கழன்றாலோ அந்த வரிசையே நின்றுவிடலாம். பிரிண்டர் உயிர் பெற்றாலும் வரிசை தானாக நகராமல் இருக்கலாம்.

மைய ஊழியர்கள் செய்ய வேண்டியவை:

1. பேப்பர், கேபிள், பிரிண்டர் விளக்கு ஆகியவற்றைப் பாருங்கள்.

2. பிரிண்டரின் ஐபி எண்ணுக்கு 'பிங்' கொடுங்கள். பதில் இல்லையென்றால் கரண்ட் வந்தபின் எண் மாறியிருக்கலாம். நிலையான எண் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

3. பதில் வந்தால், பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்:631' பக்கத்தைத் திறங்கள். பிரிண்டர் நிறுத்தப்பட்டிருந்தால் 'ரெஸ்யூம்' கொடுங்கள்.

பிரிண்ட் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீங்க. எல்லாம் வரிசையில் சேர்ந்து, ஒருவரின் சான்று பத்துத் தடவை வெளியே வரும். மற்றவர் கைக்கும் போய்விடும்.

பொதுமக்களுக்கு ஒரு வார்த்தை: அச்சு நின்றதால் உங்கள் விண்ணப்பம் போய்விடாது. டிஜிட்டல் கையொப்பமிட்ட சான்று பிரிண்டரில் இல்லை, சர்வரில் இருக்கிறது. விண்ணப்ப எண் உள்ள ஒப்புகைச் சீட்டைப் பத்திரமா வச்சுக்கோங்க.