ஒரு சோறு பதம் போதுமா?

சேவூர்ப் பக்கம் பனியன் கம்பெனி வேலை முடிந்து பெண்கள் வீடு திரும்பும் மாலை நேரம். வாசற்படியில் பேச்சு நடக்கிறது.

"அம்மிணி, எங்க பேரனுக்கு ஒரு வாரமாச் சளி. கடையில ஒரு டானிக் வாங்கிக் கொடுத்தேன். மூணே நாள்ல ஓடிப் போச்சு!"

"அப்படீங்களா அத்தை? எங்க பாப்பாவுக்கும் வாங்கிடறேனுங்க."

சகோதரிகளே, கொஞ்சம் பொறுங்கள்! டானிக் கொடுக்காமல் இருந்தாலும் அந்தச் சளி தானாகவே போயிருக்குமே? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். அங்கே ஒரே அரிசி, ஒரே உலை. ஆனால் குழந்தைகள் ஒரே உலையில் வெந்தவர்களா என்ன?

சரி, எத்தனை குழந்தைகளைப் பார்த்தால் நம்பலாம்? செக்கிங் வேலை தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நூற்றுக்கு ஒரு பீஸ்தான் டேமேஜ் என்றால், பத்து பீஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு 'எல்லாம் சுத்தம்' என்று சொல்ல முடியுமா? அபூர்வமாக நடப்பதைக் கண்டுபிடிக்க நிறையப் பார்த்தாக வேண்டும்.

நம் திருச்சி மாவட்டத்தில் நடந்த கதையைக் கேளுங்கள்.

வைட்டமின் 'ஏ' குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது நமக்குத் தெரியும். அது குழந்தையின் உயிரையும் காக்குமா? இதைத்தான் மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள 15,419 குழந்தைகள். வாரா வாரம் சுகாதாரத் தொண்டர்கள் வீடு தேடிச் சென்று மருந்து கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு வைட்டமின் 'ஏ'யும் 'ஈ'யும். மற்றதற்கு 'ஈ' மட்டும். யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது.

ஓராண்டு முடிவில், விபத்துகள் நீங்கலாக, 'ஏ' பெறாத 7,655 குழந்தைகளில் 80 பேர் இறந்திருந்தார்கள். பெற்ற 7,764 பேரில் 37 பேர். பாதிக்கும் குறைவு! 1990-ல் இந்த முடிவு வெளியானது.

இருநூறு பேர் போதாதா?

பிரிவுக்கு நூறு குழந்தைகள் என்று வைத்திருந்தால்? ஒரு பக்கம் ஒரு சாவு, மறுபக்கம் ஒன்றோ பூஜ்யமோ. அதைப் பார்த்து என்ன சொல்ல முடியும்? 'பலனில்லை' என்று கைவிட்டிருப்பார்கள். மருந்தில் குறையில்லை, எண்ணிக்கையில்தான் குறை!

அதனால்தான் ஆய்வு தொடங்கும் முன்பே கணக்குப் போடுகிறார்கள். அதற்கு நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும்.

1. அந்த நோயோ சாவோ நூற்றுக்கு எத்தனை பேருக்கு வரும்?

2. மருந்தால் எவ்வளவு குறையும் என்று எதிர்பார்க்கிறோம்?

3. பலனே இல்லாதபோது, தற்செயலான வித்தியாசத்தைப் பார்த்து 'பலன் உண்டு' என்று ஏமாறும் வாய்ப்பு. நூற்றுக்கு 5-க்கு மேல் கூடாது என்பது வழக்கம்.

4. உண்மையிலேயே பலன் இருந்தால் அதைப் பிடித்துவிடும் வாய்ப்பு. இதுதான் ஆய்வின் 'திறன்'. நூற்றுக்கு 80 அல்லது 90 ஆவது வேண்டும்.

நூற்றுக்கு ஒன்றாக இருக்கும் சாவு பாதியாகக் குறையும் என்று வைத்து, 80 திறனுக்குக் கணக்கிட்டால், பிரிவுக்குச் சுமார் 4,700 குழந்தைகள் தேவை. ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்தால் இன்னும் கூட வேண்டும். ஒரே ஊர்க் குழந்தைகள் ஒரே தண்ணீர், ஒரே சாப்பாடு என்று ஒத்திருப்பார்கள் அல்லவா?

எண்ணிக்கை மிக அதிகமானாலும் தப்பு. நல்ல மருந்து தேவையில்லாமல் பல குழந்தைகளுக்குக் கிடைக்காமல் போகும்.

பெரிய ஆய்வு ஒன்றே கடைசித் தீர்ப்பும் அல்ல. உத்தரப் பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் குழந்தைகளிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில் மிகச் சிறிய பலனே தெரிந்தது. அதனால் பல ஊர் ஆய்வுகளையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

இன்று நம் குழந்தைகளுக்கு 9 மாதத்தில் தொடங்கி 5 வயது வரை, 6 மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் 'ஏ' திரவம் கொடுக்கிறார்கள். தவறாமல் போட்டுக் கொள்ளுங்கள். 'இன்னும் கொஞ்சம் நல்லதுதானே' என்று நீங்களாகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் கெடுதல். முருங்கைக்கீரையும் பப்பாளியும் தாராளமாகக் கொடுக்கலாம்.

இனி யாராவது "எங்க பேரனுக்குக் குணமாச்சு" என்றால் சந்தோஷப்படுங்கள். கூடவே, "எத்தனை குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க? கொடுக்காத குழந்தைகள் எப்படி இருந்தாங்க?" என்று டாக்டரிடம் கேளுங்கள். குழந்தை நம்முடையது, கேட்பதில் வெட்கம் என்ன?