உங்களுக்குத் தெரியுமா? 30 சதவீதப் பிழைக்கு 0.09

மருந்து ரத்தத்தில் ஏறி இறங்குவதைக் கணிக்கும் 'நான்மெம்' மென்பொருளை ஸ்டூவர்ட் பீலும் லூயிஸ் ஷைனரும் சான் ஃபிரான்சிஸ்கோவில் உருவாக்கினார்கள். அது தேடும் எண்ணுக்கு முதலில் ஓர் உத்தேச மதிப்பை நாம்தான் தர வேண்டும். அங்கிருந்துதான் அது தேடத் தொடங்கும். அளந்த அளவும் கணித்த அளவும் விகித அளவில் ஏறத்தாழ 30 சதவீதம் விலகும் என்று நினைத்தால், 0.3 என்று எழுதிவிடாதீர்கள். வழக்கமாக அது கேட்பது திட்ட விலக்கத்தை அல்ல, அதன் வர்க்கமான மாறுபாட்டை. ஆகவே 0.09.

இரண்டு பிழைகள் ஒன்றையொட்டி ஒன்று மாறினால் உடன்மாறுபாடும் தேவை. மாறுபாடுகள் 4, 9 என்றால் அது −6-க்கும் 6-க்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். 7 என்பது கணிதப்படியே சாத்தியமில்லை.

ஒரே தொடக்கத்தை நம்பிவிடாமல், வேறு மதிப்புகளிலிருந்தும் ஓட்டி, விடை மாறுகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.