எதிராளி ஏன் தாவுகிறான்?

பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டை முதன்முதலாக எழுதுபவர்கள் தவறாமல் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. தன் ஆள் சீராக ஓடுவான். எதிராளியோ விட்டு விட்டுத் தாவுவான். ‘லேக் அடிக்குது’ என்று நெட்டின் மேல் பழி போடுவது வழக்கம். பெரும்பாலும் குறை நிரலில்தான் இருக்கிறது.

சிதம்பரத்தில் ஒருவர், கடலூரில் ஒருவர் ஆடுவதாகக் கொள்வோம். சாலை வழியே நடுவில் சுமார் 45 கிலோமீட்டர்தான். ஆனால் சர்வரை மும்பையில் வாடகைக்கு எடுத்திருந்தால், ஒருவரின் அசைவு மும்பை போய்த்தான் மற்றவரிடம் வரும். கண்ணாடி இழையில் ஒளி 1,000 கிலோமீட்டரைக் கடக்க 5 மில்லி நொடியே ஆகும். வழியிலுள்ள ரூட்டர்கள், செல்போன் கோபுர நெரிசல், வீட்டு வைஃபை எல்லாம் அதற்கு மேல் தாமதத்தைக் கூட்டுகின்றன. அதுவும் ஒரு பாக்கெட்டுக்குக் குறைவாக, அடுத்ததற்கு அதிகமாக. கண்ணை உறுத்துவது இந்த ஏற்றத்தாழ்வுதான்.

திரை நொடிக்கு 60 முறை வரைகிறது. சர்வர் 20 முறை தகவல் அனுப்புகிறது என்றால், மூன்று ஃபிரேமுக்கு ஒரு தகவல். வந்த இடத்தில் அப்படியே ஆளை நிறுத்தினால், இரண்டு ஃபிரேம் நின்று மூன்றாவதில் தாவுவான். தகவலை 60 முறை அனுப்பினாலும் ஏற்றத்தாழ்வு போகாது. எதிராளியைச் சற்றே பழைய நேரத்தில் காட்டுவதே வழி. வால்வ் நிறுவனத்தின் சோர்ஸ் எஞ்சின் வழக்கமாக 100 மில்லி நொடி பின்தங்கியே காட்டும். கையிலுள்ள இரு தகவல்களுக்கு நடுவே ஆளைச் சீராக நகர்த்தும். ஒரு பாக்கெட் தொலைந்தாலும் ஓட்டம் நிற்காது.

தன் ஆளுக்கு இது ஒத்துவராது; பொத்தானை அழுத்தியதும் அவன் நகர வேண்டும். 1996இல் வந்த குவேக் விளையாட்டு சர்வரின் பதிலுக்குக் காத்திருந்ததால், மோடம் வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள். அதே ஆண்டு அதன் நிரலாளர் ஜான் கார்மாக், அதன் இணையப் பதிப்பான குவேக்வேர்ல்டில் பதிலுக்குக் காத்திராமல் ஆளை நகரவிட்டார். இன்று இந்த முறை இப்படி இயங்குகிறது: ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எண்; சர்வர் எந்த எண் வரை செய்து முடித்தது என்று சொன்னதும், ஆளை அது சொன்ன இடத்தில் வைத்து, மீதிக் கட்டளைகளை உடனே மறுபடி ஓட்ட வேண்டும். நகர்வுக் கணக்கு இரு பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால் ஆள் ரப்பர்போலப் பின்னுக்கு இழுபடுவான்.

பழைய நேரத்தைக் காட்டுவதற்கு ஒரு விலை உண்டு. சுடும் விளையாட்டில், சுட்டவர் கண்ட நேரத்துக்குச் சர்வர் பின்னோக்கிப் போய்த் தீர்ப்பளிக்கிறது. சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் குண்டு படுவது அதனால்தான். சுட்டவருக்குச் சாதகமான இந்தத் தீர்ப்பைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

நகர்வுத் தகவலை அனுப்ப டிசிபி நெறிமுறையைவிட யுடிபி பொருத்தம். டிசிபியில் தொலைந்த ஒன்று திரும்ப வரும்வரை பின்னால் வந்தவை காத்துக் கிடக்கும். நகர்விலோ புதிய இடம் வந்தபின் தொலைந்த பழையது தேவையில்லை; யுடிபி அதற்காகக் காத்திருக்காது.

ஒரே கணினியில் இரண்டு ஜன்னல் திறந்து சோதித்தால் இவற்றில் பெரும்பாலானவை தெரியாது. அங்கே தாமதம் கிட்டத்தட்ட இல்லை. விண்டோஸில் கிளம்ஸி, லினக்ஸில் நெட்எம் போன்ற கருவிகளால் 100 மில்லி நொடித் தாமதமும் கொஞ்சம் பாக்கெட் இழப்பும் செயற்கையாகச் சேர்த்துப் பார்த்த பிறகே கடலூர் நண்பரை ஆடக் கூப்பிடலாம்.