கிணற்றடியில் வந்த நினைவு

ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். விடைத்தாள் திருத்தும் காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டு விளக்கு அணைய நள்ளிரவு கடந்துவிடும். தாள்களின் தொகை அதற்குக் காரணமன்று. புள்ளிகளைக் கூட்டி முகப்பில் எழுதிய மறுகணமே, "பிழையாகக் கூட்டியிருந்தால் ஒரு பிள்ளையின் எதிர்காலமன்றோ பாழாகும்?" என்றோர் ஐயம் எழும். மீண்டும் கூட்டுவேன். முன்னைய தொகையே வரும். இம்முறை கவனம் சிதறியதோ என்று மூன்றாம் முறை கூட்டுவேன். கட்டி வைத்த கட்டுகளை அவிழ்த்துப் பார்த்த இரவுகளும் உண்டு. உடன் பணியாற்றியோர் இதனைக் கடமையுணர்ச்சி என்று போற்றினர். நானும் அவ்வாறே நம்பியிருந்தேன்.

ஓய்வு பெற்ற மறு ஆண்டில் என் மகள் தன் தலைப்பிள்ளையோடு வந்து எங்களுடன் தங்கியிருந்தாள். ஒருநாள் மாலை பேர்த்தியைத் தோளிற் சாய்த்துக்கொண்டு கிணற்றுக்கட்டின் அருகே நின்றேன். "இப்பிள்ளையை உள்ளே போட்டுவிட்டால்?" என்றொரு நினைவு மின்னலெனத் தோன்றி மறைந்தது. என் உடல் நடுங்கிற்று. குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு அறைக்குட் சென்று படுத்தேன்.

அன்று முதல் கிணற்றுப் பக்கம் போவதை விட்டேன். பின்னர் குழந்தையைத் தூக்குவதையும் விட்டேன். என் நெஞ்சுக்குள்ளே கொடியவன் ஒருவன் இத்தனை காலமும் ஒளிந்திருந்தான் என்று முடிவு செய்துகொண்டேன். இரவில் எழுந்து, குழந்தை மூச்சு விடுகின்றதா என்று எட்டி நின்று பார்ப்பேன். இதனை யாரிடம் சொல்வது? ஒருநாள் அடுக்களையில் மகள் தாயிடம் கூறியது என் காதில் விழுந்தது: "அப்பாவுக்குப் பொம்பிளைப்பிள்ளை பிறந்தது பிடிக்கேல்லைப் போல, அம்மா."

அச்சொல்லே என்னை மனநல வைத்தியர் ஒருவரிடம் கொண்டுசென்றது. நான் தலைகுனிந்து சொல்லி முடித்ததும் அவர் ஒரு வினாவை மட்டும் எழுப்பினார்: "அந்த நினைவு வந்தபோது உங்களுக்கு உண்டானது விருப்பமா, அச்சமா?" அச்சம் என்றேன். "உங்களுக்கு மிக அருமையான பொருள் எதுவோ, அதையே பற்றிக்கொண்டு வருவது இந்நோயின் இயல்பு. உங்கள் அன்பைத்தான் அது பற்றியிருக்கிறது" என்றார் அவர். புள்ளிகளைக் கூட்டிக் கூட்டிப் பார்த்ததையும் கேட்டறிந்து, இரண்டும் ஒரு வேரிற் கிளைத்தவை என்று விளக்கினார். எண்ணச் சுழற்சி நோய் என்பது அதன் பெயர். ஓ.சி.டி. என்று சுருக்கமாகவும் வழங்குவர். நூற்றுக்கு இருவர் அளவினர் தம் வாழ்நாளில் இதற்கு ஆளாகின்றனர்.

பின்னர் இது குறித்து நானும் தேடிப் படித்தேன். 1978ஆம் ஆண்டில் இலண்டனிலே ஸ்டான்லி றக்மன் என்பவரும், இலங்கையிற் பிறந்த உளவியலறிஞர் பத்மல் டி சில்வாவும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். எந்நோயுமில்லாத சாதாரண மக்களிடம் அவர்கள் வினவியபோது, ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர், தாம் விரும்பாத, வெட்கப்படத்தக்க நினைவுகள் தமக்கும் தோன்றுவதுண்டு என ஒப்புக்கொண்டனர். நோயாளரின் நினைவுகளையும் மற்றோரின் நினைவுகளையும் பொருளை மட்டும் கொண்டு பிரித்தறிதல் எளிதாக இருக்கவில்லை. அவ்வாறாயின் வேறுபாடு எங்கே? நினைவு வந்தபின் நாம் செய்வதில் இருக்கிறது. ஒருவர் "என்ன விசர் நினைவு!" என்று நகர்ந்துவிடுகிறார். மற்றவர் அதனைத் தம் குணத்தின் சாட்சியாகக் கொண்டு விசாரணை நடத்துகிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம்மவர் சொல்லிவைத்தது இதற்கும் பொருந்தும்.

இது இக்காலத்து நோயுமன்று. மோட்சப் பிரயாணம் எழுதிய ஜோன் பனியன் 1666ஆம் ஆண்டில் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். தம் ஆண்டவரை விற்றுவிடுமாறு ஏவும் நினைவொன்று இரவும் பகலும் தம்மைத் துரத்தியதென்று அதிலே கூறுகிறார். பக்தி மிக்கவரையே அந்நினைவு பிடித்தது என்பது கவனிக்கத்தக்கது.

கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவதும், பூட்டிய படலையை மீண்டும் சென்று இழுத்துப் பார்ப்பதும், "ஒன்றும் நடக்காதுதானே?" என்று வீட்டாரை ஓயாது கேட்பதும் கணநேரம் ஆறுதல் தரும். அந்த ஆறுதலே நோய்க்கு உணவு. இதனை உணர்ந்து, 1966ஆம் ஆண்டில் விக்டர் மேயர் என்பவர், நோயாளர் தாம் அஞ்சுவதை நேரே எதிர்கொள்ளவும், வழக்கமான சடங்கைச் செய்யாதிருக்கவும் பயிற்றினார். செய்யாதிருந்தால் அச்சம் முதலில் ஏறும். பின்னர் தானே தணியும். இன்றும் இதுவே இந்நோய்க்குரிய முதன்மையான பயிற்சி. தேவையானோர்க்கு வைத்தியர் மருந்தும் தருவர்.

மஜ்ஜிம நிகாயத்திலுள்ள பௌத்த சூத்திரமொன்று வேண்டாத எண்ணங்களைக் கையாள ஐந்து வழிகளைக் கூறுகிறது. டி சில்வா அவற்றை இக்கால உளச்சிகிச்சையோடு ஒப்பிட்டு எழுதியுள்ளார். எண்ணத்தைப் பொருட்படுத்தாது விடுதல் அவ்வழிகளுள் ஒன்று. பல்லைக் கடித்து அடக்குதல் கடைசியாகவே வைக்கப்பட்டுள்ளது. நானோ அந்தக் கடைசி வழியிலேயே தொடங்கியிருந்தேன்.

என் பயிற்சி திண்ணையில் தொடங்கிற்று. முதலிற் குழந்தையை மடியில் வைத்திருந்தேன். அடுத்த கிழமை முற்றத்தில் தூக்கிக்கொண்டு நடந்தேன். மனைவியிடம் ஆறுதல் கேட்கலாகாது என்பது நிபந்தனை. மகளிடமும் உண்மையைச் சொன்னேன். அவள் நெடுநேரம் அழுதாள். "இதை ஏன் முதலே சொல்லேல்லை, அப்பா?" என்பதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கிணற்றடிக்குப் போனேன். எதிர்பார்த்த நினைவு வரத்தான் செய்தது. நெஞ்சு படபடத்தது. விரட்டவுமில்லை, விசாரிக்கவுமில்லை. பேர்த்தி வாளியை எட்டிப் பிடிக்கத் துள்ளினாள். சிறிது பொழுதில் என் கவனமும் அந்த வாளியின் மேற் சென்றுவிட்டது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதியதை அழித்தழித்துத் தாளையே கிழித்துவிடும் மாணவனை, ஒரு வரியை முடிக்காமல் நேரமெல்லாம் அதனையே திருப்பி வாசிக்கும் மாணவியை, நீங்கள் கண்டிருப்பீர்கள். இந்நோய் பெரும்பாலும் இளமையிலேயே தலைகாட்டுவது. அப்பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். என்னைப் போற்றியதுபோல, கடமையுணர்ச்சி என்று போற்றவும் வேண்டாம். தனியே அழைத்து, "மனதிலே என்ன வருகிறது?" என்று அமைதியாகக் கேளுங்கள். என்னிடம் அவ்வாறு எவரேனும் இருபது வயதிற் கேட்டிருந்தால், அறுபது வயதில் ஒரு குழந்தையைக் கண்டு நான் ஒளித்திருக்க மாட்டேன்.