உங்களுக்குத் தெரியுமா? தையில் வாங்கினால் பங்குனியில் பாதி!

★ நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி எரிவதே கார்பனால்தான். ஆனால் அதில் கதிரியக்கக் கார்பன்-14 தேடினால் சிக்காது. 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும் சரக்கு அது. ஐம்பதாயிரம் ஆண்டு தாண்டினால் கருவிக்கே தெரியாது. நெய்வேலிக் கரியின் வயதோ பல கோடி ஆண்டு!

★ ஆய்வகங்களுக்குப் போகும் கதிரியக்கப் பெப்டைடின் (கதிரியக்க அணு ஒட்டிய சிறு அமினோ அமிலச் சங்கிலியின்) கணக்கு வேறு. அதில் ஒட்டப்படும் அயோடின்-125 ஏறத்தாழ 60 நாளில் பாதியாகும். தை முதல் தேதி வாங்கினால் பங்குனி பிறக்கும்போது பாதி, வைகாசி பிறக்கும்போது கால். டிரிட்டியம் ஒட்டினால் பாதியாக 12 ஆண்டு ஆகும். ஆனால் பெப்டைடு அதற்கு முன்பே சிதைந்துவிடும்.

★ இந்தக் கதிரியக்கப் பெப்டைடை வைத்து என்ன செய்கிறார்கள்? ஷிப்ட் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கைகள்தாம் செல்லின் ஏற்பிகள். சிவப்புச் சட்டைக்காரர்கள் கதிரியக்கப் பெப்டைடு. ஆய்வக மொழியில் 'ஹாட்'. சாதாரணச் சட்டைக்காரர்கள் கதிரியக்கம் இல்லாத பெப்டைடு, அதாவது 'கோல்ட்'. கோல்ட் கூட்டம் ஏற ஏற, சிவப்புச் சட்டைகள் இருக்கை இழக்கும். எத்தனை பேர் ஏறியதும் சிவப்பு பாதியானது என்பதிலிருந்து பிடிப்பின் வலிமையைக் கணக்கிடுவார்கள். படிக்கட்டில் தொங்குகிறவர்களும் உண்டு! கோல்ட் ஆட்களை அளவுக்கு மீறி ஏற்றிய பிறகும் எஞ்சும் சிவப்பு அவர்கள்தாம். அந்த எண்ணிக்கையைக் கழித்துவிட வேண்டும். புது மாணவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான்.

★ அயோடின் பெரும்பாலும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தில்தான் ஒட்டும். ஆக்டிரியோடைடு பெப்டைடில் அது இல்லை. மூன்றாம் இடத்தில் இருந்ததை எடுத்துவிட்டு டைரோசினைச் செருகினார்கள். அந்த வழியில் வந்ததுதான் லுடீசியம்-177 ஏற்றிய இன்றைய புற்றுநோய் மருந்து.

★ இன்சுலினில் அயோடினை ஒட்டி, ரத்தத்தில் அதன் அளவைக் காணும் முறையை ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கண்டுபிடித்தார்கள். காப்புரிமை வாங்கவில்லை. 1977-இல் யாலோவுக்கு நோபல் கிடைத்தது. பெர்சன் 1972-லேயே காலமாகிவிட்டார்.

★ நம் நாட்டில் கதிரியக்கப் பொருள்களை வழங்கும் அரசு அமைப்பு 'பிரிட்'. 1989-இல் உருவானது, நவி மும்பை வாசியில் இருக்கிறது. பாஸ்பரஸ்-32 ஒட்டிய மூலக்கூறுகளுக்கென்று ஐதராபாத்தில் அதற்கு ஓர் ஆய்வகம் உண்டு. பெயர் ஜொனாகி. வங்காள மொழியில் மின்மினி என்று பொருள். பாஸ்பரஸ்-32-இன் ஆயுள் இன்னும் குறைவு: 14 நாளில் பாதி.